மேலிருந்து பார்த்தால் போதுமா, இறங்கித்தான் ஆகணுமா? வேற்றுக் கோள்களின் மண்ணும் காற்றும்

உப்பளத்து_டீச்சர்

வணக்கம். வாலிநோக்கம் பக்கம் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு வீட்டில் யாராவது ஒருவர் உப்பளத்தில் வேலை பார்ப்பவர். செவ்வாயில் உப்புப் படிவுகள் இருக்கின்றன, கோளைச் சுற்றிவரும் விண்கலம்தான் அதைக் கண்டுபிடித்தது என்று சொன்னேன். உடனே ஒரு பையன் கேட்டான்: "எங்கப்பா பாத்திக்குள்ள கால வச்சுப் பார்த்துத்தான் உப்பு விளைஞ்சுருச்சுன்னு சொல்லுவாரு. நானூறு கிலோமீட்டருக்கு மேல இருந்து பார்த்தா எப்படி டீச்சர் தெரியும்?"

அவனுக்கு ஏனோதானோ என்று பதில் சொல்ல எனக்கு மனசில்லை. தரையில் என்ன இருக்கிறது, காற்றில் என்ன இருக்கிறது என்று அவ்வளவு தூரத்திலிருந்து எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அப்படிக் கண்டதை எந்த அளவுக்கு நம்பலாம்? தெரிந்தவர்கள் விரிவாக எழுதுங்கள்.

தங்கச்சிமடம்_வானோக்கி

டீச்சர், சூரிய ஒளி தரையில் பட்டுத் திரும்பும்போது அங்குள்ள தாது சில அலைநீளங்களை விழுங்கிவிடும். எதை விழுங்கும் என்பது தாதுவுக்குத் தாது மாறும். திரும்பி வரும் ஒளியைப் பிரித்து, எங்கெங்கே குறைகிறது என்று பார்த்தால் ஆளை அடையாளம் காணலாம்.

ஜிப்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் படிகத்துக்குள்ளேயே தண்ணீர் கட்டுண்டு கிடக்கிறது. அந்தத் தண்ணீர் 1.9 மைக்ரான் பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில், ஒளியை விழுங்கும். ஐரோப்பாவின் மார்ஸ் எக்ஸ்பிரஸ் கலத்திலுள்ள ஒமேகா கருவி இதை வைத்துத்தான் செவ்வாயின் வடதுருவத்தை ஒட்டிய கரிய மணல்மேடுகளில் ஜிப்சம் இருப்பதைக் கண்டது. 2005ல் வந்த செய்தி அது.

சோற்று உப்பு இன்னும் சுவாரசியமானது. சுத்தமான சோடியம் குளோரைடு அகச்சிவப்பில் ஏறக்குறைய எந்தத் தடமும் காட்டாது. சுற்றிலும் எரிமலைப் பாறை தன் தடத்தைக் காட்டிக்கொண்டிருக்க, நடுவில் ஒரு திட்டு மட்டும் வெறுமையாக இருந்தால் அங்கேதான் உப்பு இருக்கும் என்று சந்தேகப்படுகிறார்கள். மார்ஸ் ஒடிசி கலத்தின் தெமிஸ் கருவி தரை விடுகிற வெப்பத்தை அளக்கிறது. அதில் இப்படிச் சுமார் 200 இடங்கள் சிக்கின. 2008ல் வெளியிட்டார்கள். பெரும்பாலும் தென்பகுதி மேட்டுநிலத்தில், தாழ்வாகக் கிடக்கும் இடங்கள். தண்ணீர் தேங்கி வற்றியிருந்தால் எங்கே உப்புப் படிந்திருக்குமோ அங்கேயேதான் இருக்கின்றன.

கீழக்கரை_கப்பல்காரர்

நல்ல விளக்கம். இதிலிருந்து எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். மேலிருந்தே இவ்வளவு தெரிகிறது என்றால் எதற்கு இறங்க வேண்டும்? மார்ஸ் ஒடிசி 2001லிருந்து சுற்றிக்கொண்டிருக்கிறது, செவ்வாய் முழுவதையும் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டது. ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தி 14 வருஷத்தில் ஓடிய தூரம் 45 கிலோமீட்டர். நம்ம ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகிற தூரம்கூட இல்லை. அந்த ஒற்றைக் கோட்டை வைத்து ஒரு கோளைப் பற்றிப் பேச முடியுமா? இந்தியா மாதிரிக் கையைக் கடித்துக்கொண்டு செலவு செய்யும் நாடு சுற்றுக்கலத்தோடு நிற்பதுதான் சரி என்பது என் கட்சி. மங்கள்யான் அப்படித்தானே போனது, பெயரும் வாங்கியது.

தொண்டி_கல்லும்மண்ணும்

கப்பல்காரர் காக்கா (அண்ணே), உங்கள் கணக்கு சரி. ஆனால் அந்த 45 கிலோமீட்டரை எங்கே ஓடினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2004 ஜனவரியில் இரண்டு ஊர்திகள் இறங்கின. ஆப்பர்ச்சூனிட்டியை மெரிடியானி சமவெளிக்கு அனுப்பக் காரணமே ஒரு சுற்றுக்கலம்தான். மார்ஸ் குளோபல் சர்வேயர் அங்கே ஹெமடைட் என்ற இரும்புத் தாதுவை மேலிருந்து கண்டிருந்தது. இறங்கிப் பார்த்தால் ஹெமடைட் இருந்தது, அதுவும் மிளகு அளவு உருண்டை உருண்டையாகத் தரையெங்கும் சிதறிக் கிடந்தது. பாறைக்குள் ஊறிய நிலத்தடி நீரில் திரண்ட உருண்டைகள் அவை. அதே பாறையில் ஜாரோசைட் என்ற சல்பேட் தாதுவும் கிடைத்தது. அது உருவாக அமிலத் தண்ணீர் வேண்டும். மேலிருந்து கிடைத்தது தாதுவின் பெயர் மட்டும்தான். அது எப்படி வந்தது என்ற கதையை இறங்கிய பிறகுதான் படிக்க முடிந்தது.

இன்னொன்று ஸ்பிரிட். அதைக் குசேவ் பள்ளத்துக்கு அனுப்பினார்கள். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள ஓர் ஆற்றுத்தடம் வந்து அந்தப் பள்ளத்தை உடைத்துக்கொண்டு நுழைகிறது. படத்தைப் பார்த்த யாரும் ஏரி என்றுதான் சொல்வார்கள். இறங்கிய இடத்தில் இருந்ததோ எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட் சமவெளி. ஏரி வண்டல் ஒரு காலத்தில் இருந்திருந்தாலும் அதன்மேல் குழம்பு ஓடி மூடிவிட்டது. உருவத்தை மட்டும் நம்பியதால் வந்த வினை இது.

அதே ஸ்பிரிட்டுக்கு ஒரு சக்கரம் 2006ல் சுழலாமல் நின்றுபோனது. அதை இழுத்துக்கொண்டே பின்பக்கமாக ஓட்டினார்கள். 2007ல் அந்தச் செத்த சக்கரம் மேல்மண்ணைக் கீறிக்கொண்டு போன தடத்தில் வெள்ளையாக ஏதோ பளிச்சென்று தெரிந்தது. சோதித்தால் 90 சதவீதம் சிலிக்கா. வெந்நீர் ஊற்றோ எரிமலை ஆவியோ இருந்த இடத்தில் சேரக்கூடிய பொருள். சில சென்டிமீட்டர் தூசிக்குக் கீழே கிடந்தது. எந்தச் சுற்றுக்கலமும் அதைப் பார்த்திருக்க முடியாது.

டீச்சர், உங்கள் பையனுக்கு உப்பளத்தை வைத்தே ஒன்று சொல்லலாம். கடல் தண்ணீரைக் கட்டினால் முதலில் சுண்ணாம்பு படியும், அப்புறம் ஜிப்சம், உப்புநீரின் அடர்த்தியை அளக்கும் பாமே மானியில் 25 டிகிரி பக்கம் வரும்போது உப்பு, கடைசியில் மக்னீசியம் கலந்த கசப்புத் தண்ணீர் மிஞ்சும். அவன் அப்பா இந்த வரிசையைக் கையாலேயே அறிந்தவர். செவ்வாயின் தண்ணீர் நம் கடல் தண்ணீர் இல்லை, சல்பேட் கூடுதலான சரக்கு. ஆனாலும் வற்றும்போது வரிசை உண்டு. கேல் பள்ளத்தின் நடுவே நிற்கும் ஷார்ப் மலையில் கீழ் அடுக்கில் களிமண் தாதும் மேல் அடுக்கில் சல்பேட்டும் இருப்பதை மேலிருந்தே பார்த்துவிட்டார்கள். அதற்காகத்தான் 2012ல் கியூரியாசிட்டியை அங்கே இறக்கினார்கள். அது ஏறி ஏறி 2022ல் சல்பேட் அடுக்கைத் தொட்டது. ஈரமான காலம் வறண்ட காலமாக மாறியதை அடுக்கு அடுக்காகத் துளைபோட்டுப் பார்க்கிறது. முதல் துளையிலேயே ஒரு விஷயம்: மேலே செக்கச்செவேல் என்ற தூசி, துளையிலிருந்து வந்த பொடியோ சாம்பல் நிறம். அதைப் பார்த்தாலே போதும், செவ்வாயின் சிவப்பு வெறும் மேல்தோல் என்பது புரிந்துவிடும்.

வானோக்கி சொன்ன அந்த 200 உப்புத் திட்டுகளில் ஒன்றில்கூட இன்னும் எந்த ஊர்தியும் இறங்கவில்லை. எனக்கு அது பெரிய குறை.

பாம்பன்_விசைப்படகு

நான் படித்தது பத்தாவது வரைதான், கடலைத்தான் தெரியும். படகில் எக்கோ சவுண்டர் வைத்திருக்கிறோம், ஒலியைக் கீழே அனுப்பி எதிரொலியை வைத்து ஆழம் காட்டும் கருவி. எதிரொலி எழும்பி வருகிற விதத்தைப் பார்த்தே கீழே சேறா, மணலா, பாரா (கடலடிப் பாறையா) என்று சொல்லிவிடுவேன். ஆனால் பாரில் என்ன மீன் நிற்கிறது, என்ன பாசி படர்ந்திருக்கிறது என்பது வலை மேலே வந்தால்தான் தெரியும். அதனால் தொண்டி அண்ணன் சொல்வது எனக்குப் புரிகிறது.

எனக்குக் காற்றைப் பற்றித்தான் கேட்கணும். கச்சான் எப்போ எழும்பும், வாடை எப்போ திரும்பும் என்று தெரியாமல் நாங்கள் கடலுக்குப் போக மாட்டோம். வேற்றுக் கோளில் காற்று எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் அடிக்கிறது என்று யார் போய்ப் பார்த்தது? கொடியும் இல்லை, பாயும் இல்லை.

தங்கச்சிமடம்_வானோக்கி

அண்ணே, காற்றுக்கு அப்புறம் வருகிறேன். எக்கோ சவுண்டர் என்றதும் வெள்ளிக் கோள்தான் ஞாபகத்துக்கு வருகிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளியை எப்போதும் மேகம் மூடியிருக்கிறது. சாதாரண கேமராவுக்குத் தரை தெரியாது. அதனால் 1990லிருந்து 1994 வரை மகெல்லன் கலம் ரேடார் அலையை அடித்து, திரும்பி வந்த எதிரொலியை வைத்து 98 சதவீதத் தரையை வரைபடமாக்கியது. கரடுமுரடான இடம் பளிச்சென்றும் வழுவழுப்பான இடம் கருப்பாகவும் தெரியும். எரிமலைகள், குழம்பு ஓடிய தடங்கள், வெடிப்புகள் எல்லாம் அதில்தான் வந்தன. ஆனால் அந்தப் பாறை எதனால் ஆனது என்று ரேடார் சொல்லாது. அதை ரஷ்யர்கள் இறங்கித்தான் பார்த்தார்கள். 1982 மார்ச் 1ஆம் தேதி வெனெரா 13 இறங்கியது. வெப்பம் 457 டிகிரி, அழுத்தம் பூமியைப் போல 89 மடங்கு. 32 நிமிஷம் தாங்கினால் போதும் என்று கட்டிய கலம் 127 நிமிஷம் தாங்கியது. அதற்குள் தரையைத் துளைத்து, பொடியை உள்ளே இழுத்து, எக்ஸ் கதிர் அடித்து, பசால்ட் வகைப் பாறை என்று சொல்லிவிட்டு அடங்கியது. அந்த அடுப்புக்குள் அப்படி ஒரு வேலையைச் செய்ய வைத்த பொறியாளர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

இறங்குகிற கட்சிக்கு எதிராகவும் ஒரு சாட்சி உண்டு, அதையும் சொல்வதுதான் நியாயம். 1967 அக்டோபர் 18ஆம் தேதி வெனெரா 4 வெள்ளியின் காற்றுக்குள் பாராசூட்டில் இறங்கியது. வேறொரு கோளின் காற்றை நேரடியாகச் சோதித்த முதல் கலம். காற்றில் 90 சதவீதத்துக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு என்று அதுதான் சொன்னது. அழுத்தம் பூமியைப் போல சுமார் 20 மடங்கு இருக்கும்போது சிக்னல் நின்றது. தரையைத் தொட்டதால் நின்றது என்று முதலில் அறிவித்தார்கள். மறுநாளே அமெரிக்காவின் மாரினர் 5 வெள்ளியை உரசிக்கொண்டு போனது. அதன் ரேடியோ அலை வெள்ளியின் காற்றில் வளைந்த விதத்தைக் கணக்கிட்டால் தரையின் அழுத்தம் இன்னும் பல மடங்கு இருக்கணும் என்று வந்தது. வெனெரா 4 தரைக்கு இருபது கிலோமீட்டருக்கும் மேலே இருக்கும்போதே அடங்கிவிட்டது என்பது அப்படித்தான் புரிந்தது. உள்ளே போன கலத்தின் அளவை வெளியே போன கலம் திருத்தியது. 1970ல் வெனெரா 7 தரையிலிருந்தே சிக்னல் அனுப்பிய பிறகு சந்தேகம் தீர்ந்தது.

கீழக்கரை_கப்பல்காரர்

மாரினர் 5 விஷயம் எனக்கு வலுச் சேர்க்கிறது, நன்றி. ஆனாலும் சக்கரம் கீறிய சிலிக்காவுக்கு என்னிடம் பதில் இல்லை. சுற்றுக்கலமும் இறங்கிய கலமும் ஒரே இடத்தில் ஒரே வாயுவையோ தாதுவையோ அளந்து ஒத்துப்போகாமல் நின்றது உண்டா? அப்போது யார் சொல்வதை எடுப்பது?

மண்டபம்_மாணவி

உண்டு காக்கா, செவ்வாயின் மீத்தேன். கியூரியாசிட்டி இருக்கு என்கிறது, சுற்றுக்கலம் இல்லை என்கிறது. எங்கள் கல்லூரிக் கருத்தரங்கில் இதைப் பேச எடுத்திருக்கிறேன், ஆனால் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியவில்லை. தொண்டி சார் கொஞ்சம் சொல்லுங்களேன்.

தொண்டி_கல்லும்மண்ணும்

பக்கம் எடுக்க வேண்டாம்மா. இரண்டு தரப்பும் எதை, எப்போது, எங்கே அளக்கிறது என்று அடுக்கி வைத்தால் அதுவே நல்ல பேச்சாகிவிடும்.

கியூரியாசிட்டி கேல் பள்ளத்தின் தரையில் நின்றுகொண்டு, பெரும்பாலும் ராத்திரியில், காற்றை ஒரு அறைக்குள் இழுத்து லேசரைப் பாய்ச்சி அளக்கிறது. நூறு கோடிப் பங்கில் சராசரியாக அரைப் பங்குக்கும் குறைவான மீத்தேன் கிடைக்கிறது. அதுவும் கோடையில் கூடிக் குளிரில் குறைகிறது. 2019ல் ஒரு தடவை திடீரென்று 21 பங்குவரை ஏறியது. டிரேஸ் கேஸ் ஆர்பிட்டர் என்ற சுற்றுக்கலம் 2018லிருந்து அளக்கிறது. அது சூரியன் கோளின் விளிம்பில் மறையும்போதும் உதிக்கும்போதும், அந்த ஒளி காற்றை ஊடுருவி வருகிற வழியைப் பார்க்கிறது. நூறு கோடியில் 0.05 பங்கு இருந்தாலே பிடித்துவிடும். எதுவும் பிடிபடவில்லை.

மீத்தேன் ராத்திரியில் தரையை ஒட்டித் தேங்கி, பகலில் வெயில் ஏறியதும் கலந்து கரைந்துபோகிறது என்பது ஒரு விளக்கம். அப்படியே கலந்தாலும் பல வருஷத்தில் காற்று முழுக்கச் சேர்ந்து சுற்றுக்கலத்தின் கண்ணில் பட்டிருக்கணும், ஏனென்றால் சூரிய ஒளி மீத்தேனை உடைக்க நூற்றாண்டுகள் ஆகும். அதனால் நாம் அறியாத ஏதோ ஒன்று அதை வேகமாக அழிக்கிறது என்று ஒரு சாரார். ஊர்தியிலிருந்தே கசிகிறதோ என்று இன்னொரு சாரார். பூமியில் மீத்தேனில் பெரும்பங்கு உயிர்களிடமிருந்து வருவதால்தான் இந்தச் சின்ன எண்ணுக்கு இவ்வளவு சண்டை. பாறையும் வெந்நீரும் சேர்ந்தாலும் மீத்தேன் வரும் என்பதை உன் பேச்சில் விட்டுவிடாதே.

உப்பளத்து_டீச்சர்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பாமே டிகிரி வரிசையை அப்படியே வகுப்பில் சொன்னேன், பிள்ளைகள் என்னைவிட நன்றாகச் சொன்னார்கள். அடுத்த கேள்வியும் வந்துவிட்டது: அந்த உப்பைச் சாப்பிடலாமா?

மண்டபம்_மாணவி

இதற்கு நான் சொல்கிறேன் டீச்சர். கூடாது. 2008ல் ஃபீனிக்ஸ் கலம் செவ்வாயின் வடபகுதியில் இறங்கி, மண்ணை அள்ளித் தண்ணீரில் கரைத்துச் சோதித்தது. பெர்குளோரேட் என்ற உப்பு அரை சதவீதம் பக்கம் இருந்தது. அது உடம்புக்குள் போனால் தைராய்டு சுரப்பி அயோடினை எடுத்துக்கொள்வதைத் தடுக்கும். அங்கே பயிர் வைக்க நினைப்பவர்களுக்கும் இது பெரிய தலைவலி.

இந்தக் கண்டுபிடிப்பு பழைய கணக்கு ஒன்றையும் கிளறிவிட்டது. 1976ல் வைக்கிங் கலங்கள் மண்ணைச் சூடாக்கி கரிமப் பொருள் தேடியபோது குளோரின் கலந்த சில வாயுக்கள் மட்டும்தான் வந்தன. பூமியிலிருந்து ஒட்டிக்கொண்டு போன துப்புரவுத் திரவம் என்று ஒதுக்கிவிட்டார்கள். பெர்குளோரேட் கலந்த மண்ணைச் சூடாக்கினால் அதிலுள்ள கரிமப் பொருள் எரிந்து அதே மாதிரி வாயுக்கள் வரும் என்று பிற்பாடு சோதித்துக் காட்டினார்கள். முப்பது வருஷம் கழித்து இன்னொரு கலம் போய் மண்ணைத் தண்ணீரில் கரைத்திருக்காவிட்டால் இது தெரிந்தே இருக்காது.

பாம்பன்_விசைப்படகு

வானோக்கி தம்பி, காற்று என்ன ஆச்சு? அப்படியே, வேறெங்காவது கடல் உண்டா என்பதையும் சொல்லுங்க.

தங்கச்சிமடம்_வானோக்கி

மறக்கவில்லை அண்ணே. வெள்ளியில் 1985ல் வேகா 1, வேகா 2 கலங்கள் ஆளுக்கொரு பலூனை மேகத்துக்குள் விட்டன. தரையிலிருந்து சுமார் 54 கிலோமீட்டர் உயரம். பலூன் காற்றோடு போகும், அதன் சிக்னலை பூமியில் பல நாட்டு ரேடியோ தொலைநோக்கிகள் பின்தொடரும். 46 மணி நேரம் மிதந்தன. காற்றின் வேகம் மணிக்கு 240 கிலோமீட்டர் பக்கம். வெள்ளி தன்னைத்தானே சுற்ற 243 நாள் எடுக்கிறது, அதன் மேல்மேகமோ நாலு நாளில் ஒரு சுற்று வந்துவிடுகிறது. எதற்கு இவ்வளவு வேகம் என்பது முழுசாகத் தீராத கேள்வி.

அடுத்தது சனியின் டைட்டன். கோள் இல்லை, நிலா. ஆனால் அதன் தரையில் காற்றழுத்தம் பூமியைவிட ஒன்றரை மடங்கு. 2005 ஜனவரி 14ஆம் தேதி ஹைகன்ஸ் கலம் பாராசூட்டில் இரண்டரை மணி நேரம் இறங்கியது. காற்று அதைத் தள்ளத் தள்ள ரேடியோ அலையின் அதிர்வெண் இம்மி இம்மியாக நகரும், அதிலிருந்து காற்றின் வேகத்தைக் கணக்கிடலாம். இரண்டு அலைவரிசையில் அனுப்பியது. தாய்க்கலமான கசினியில் ஒரு ரிசீவரை இயக்கும் கட்டளை விடுபட்டுப்போனதால் ஒரு வரிசை அப்படியே போய்விட்டது. படங்களில் பாதியும், காற்றை அளக்க வைத்திருந்த சிக்னலும் அதில்தான் இருந்தன. அந்தச் சிக்னல் நூறு கோடி கிலோமீட்டருக்கு மேல் கடந்து பூமிக்கும் வந்துகொண்டிருந்தது. பெரிய ரேடியோ தொலைநோக்கிகள் அதைப் பிடித்துவிட்டன. அதனால் காற்றுக்கணக்கு தப்பியது: 120 கிலோமீட்டர் உயரத்தில் மணிக்கு 400 கிலோமீட்டருக்கு மேல், கீழே வர வர அடங்கி, தரையில் ஒரு ஆள் நடக்கிற வேகம்.

கடல் உண்டு. டைட்டனின் வடதுருவத்தைச் சுற்றி திரவ மீத்தேனும் ஈத்தேனும் நிற்கும் கடல்கள். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 179 டிகிரி. அதில் லிஜியா கடல்மேல் 2013ல் கசினி தன் ரேடாரை நேர்கீழாகத் திருப்பியது. திரவ மீத்தேன் ரேடாரை மறைக்காது. மேற்பரப்பிலிருந்து ஒரு எதிரொலி, கொஞ்சம் பிந்தி அடித்தரையிலிருந்து இன்னொரு எதிரொலி. நீங்கள் பார்ப்பது போலவேதான் அண்ணே. ஆழம் 160 மீட்டர்வரை வந்தது. அலை மில்லிமீட்டர் கணக்கில்தான் இருந்தது.

பாம்பன்_விசைப்படகு

160 மீட்டர்! பாக் நீரிணையில் நாங்க தொழில் செய்யுற இடத்தில் பதினஞ்சு மீட்டர் தாண்டுறதே அபூர்வம். அங்கே இருக்கிற கடலுக்கு இங்கே உட்கார்ந்து ஆழம் பார்த்துட்டாங்க.

ராமேஸ்வரம்_ஓய்வு

தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோன அந்த 1964 டிசம்பரில் நான் சிறுபிள்ளை. மாரினர் 4 நவம்பர் 28ஆம் தேதியே கிளம்பிவிட்டது என்றும், புயல் அடித்த ராத்திரி அது செவ்வாய்க்குப் போகும் வழியில் இருந்தது என்றும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1965 ஜூலையில் செவ்வாயைத் தாண்டிப் போகும்போது எடுத்த இருபத்திச்சொச்சம் படத்தில் நிலாவைப் போலக் குழிகள்தான் தெரிந்தன. அதைவிட முக்கியம், அது கோளுக்குப் பின்னால் மறையும்போது ரேடியோ அலை காற்றில் வளைந்த அளவு. அதற்கு முன் செவ்வாயின் காற்றழுத்தம் 85 மில்லிபார்வரை இருக்கலாம் என்று நம்பியிருந்தார்கள். வந்தது ஏழு மில்லிபாருக்குள். பூமியில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பாராசூட்டை மட்டும் நம்பி இறங்கலாம் என்ற திட்டமெல்லாம் அன்றோடு மாறியது. கீழக்கரைத் தம்பியிடம் சொல்லுங்கள், சுற்றிப் பார்த்தவன் சொல்லாவிட்டால் இறங்குகிறவன் விழுந்து நொறுங்கியிருப்பான்.

மண்டபம்_மாணவி

நம்ம நாட்டிலிருந்து வெள்ளிக்கு ஒன்று போகப்போகிறதே, அதில் என்ன எதிர்பார்க்கலாம்?

தங்கச்சிமடம்_வானோக்கி

2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 2028 மார்ச்சில் ஏவத் திட்டம். சுற்றுக்கலம்தான், ரேடாரும் உண்டு. கப்பல்காரர் காக்காவுக்குப் பிடித்த மாதிரி.

ரேடார் பழசுதானே என்று நினைக்க வேண்டாம். மகெல்லன் படங்களை மறுபடி புரட்டிப் பார்த்து 2023ல் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். மாட் என்ற எரிமலையை ஒட்டிய ஒரு வாய், 1991 பிப்ரவரியில் வட்டமாக இரண்டு சதுர கிலோமீட்டர் சொச்சம். அக்டோபரில் உருவம் சிதைந்து நாலு சதுர கிலோமீட்டர் பக்கம். எட்டு மாசத்தில் எரிமலை அங்கே ஏதோ செய்திருக்கிறது. வெள்ளி இன்னும் உயிரோடு குமுறுகிறது என்பதற்குக் கிடைத்த வலுவான சாட்சி, முப்பது வருஷம் பெட்டிக்குள் கிடந்தது. நம் கலம் போனால் அதே சரிவை நல்ல ரேடாரில் இன்னொரு தடவை எடுக்கணும், அந்த வாய் இப்போது என்ன அளவு என்று பார்க்கணும். என் முதல் ஆசை அதுதான்.

டீச்சர், மங்கள்யான், சந்திரயான் தரவுகள் இஸ்ரோவின் பிரதான் இணையதளத்தில் கிடைக்கின்றன, கணக்குத் தொடங்கினால் இறக்கிக்கொள்ளலாம். பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்கும்போது எங்கே தடுக்கினாலும் இங்கே எழுதுங்கள்.